விடிய விடியப் படித்தும் தேர்வு அறையில் மறந்துபோனால்

இன்று இரவு பத்து மணிக்கே உங்கள் மகளைப் படுக்கச் சொல்லுங்கள், பாடம் மிச்சம் இருந்தாலும் சரி. 2 மணி வரை படித்துவிட்டு 6 மணிக்கு எழுகிறாள், தேர்வு அறையில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்பில் குறையே இல்லை. பகலில் படித்தது மனதில் உறுதியாகப் பதியத் தூக்கம் வேண்டும். 16 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை, அவளுக்குக் கிடைப்பதோ 4.

தூக்கம் மட்டும்தான் காரணமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பாடத்தை முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை வெற்றுத்தாளில் எழுதட்டும். வீட்டிலேயே எழுத வரவில்லையா? திரும்பத் திரும்ப வாசித்ததில் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு மட்டும் வந்திருக்கிறது. இனி வாசிப்பதைக் குறைத்து, இப்படிப் பார்க்காமல் எழுதுவதைக் கூட்டுங்கள். வீட்டில் நன்றாக வருகிறது, அறையில்தான் வரவில்லை என்றால் அது பதற்றம். நேரம் வைத்து இரண்டு மூன்று மாதிரித் தேர்வு எழுதவையுங்கள். தெரிந்த கேள்வியை முதலில் எழுதிப் பழகட்டும்.

அப்புறம், மாலைக்கு மேல் காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். சாப்பிடும்போது மதிப்பெண் பேச்சையும் எடுக்காதீர்கள், பாவம், அந்த அரை மணி நேரமாவது நிம்மதியாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். படுத்தும் தூக்கமே வராமல், சாப்பிடாமல், அடிக்கடி அழுகிறாள் என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள்.