வீட்டுக் கைவினைத் தொழிலுக்கு ஒரு வெப்சைட்: கேள்வி பதில்

பல வருடங்களாக வீட்டில் இருந்தபடியே க்ரோஷே பைகளும் பொம்மைகளும் பின்னி விற்கிறேன். என் வெப்சைட்டை நானேதான் கவனித்துக்கொள்கிறேன். கைவேலை செய்யும் தோழிகள் சிலருக்கும் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன். வரி, சட்டம் பற்றிக் கேட்டால் உங்கள் ஆடிட்டரிடம்தான் அனுப்புவேன்.

துணிப்பொம்மை செய்பவர்: அக்கா, டொமைன், ஹோஸ்டிங் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

டொமைன் என்பது உங்கள் வெப்சைட்டின் முகவரி, கடைக்குப் பெயர்ப்பலகை மாதிரி. ஹோஸ்டிங் என்பது வெப்சைட்டின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம், கடை இருக்கும் இடம் மாதிரி. இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்க வேண்டும் என்று இல்லை. இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பலகையைக் கழற்றிப் புது இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் பலகை உங்கள் கையில் இருக்க வேண்டும். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே பதிவு செய்யுங்கள்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். என் முதல் தளத்தைத் தெரிந்தவர் ஒருவர் செய்து கொடுத்தார். டொமைனை அவருடைய கணக்கிலேயே வாங்கிவிட்டார். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அவர் வேலை மாறி, எண் மாறி, எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. நினைவூட்டும் மின்னஞ்சல் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கும். ஒரு நாள் காலையில் தளம் திறக்கவில்லை. டாட் காம் பெயர்களுக்குக் காலாவதியான பிறகும் மீட்கக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. ஆனால் அது கணக்கு வைத்திருப்பவருக்குத்தான், எனக்கு இல்லை. அந்த முகவரியை அச்சடித்து முந்நூறு விலைச்சீட்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் மேலும் புது முகவரி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அந்த மாலை இன்னும் மறக்கவில்லை.

பெயர் வைக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். போனில் ஒருவரிடம் ஒரே ஒரு முறை சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் அந்தப் பெயர் வேண்டாம். நடுவில் கோடு, எண் எதுவும் வேண்டாம். இன்று பொம்மை செய்கிறீர்கள், நாளை தலையணை உறையும் தைக்கலாம். பெயரைப் பொம்மையோடு கட்டிவிடாதீர்கள்.

காகித நகை செய்பவர்: வேர்ட்பிரஸ் நல்லதா, ஷாப்பிஃபை நல்லதா? எட்சியில் போட்டால் போதும் என்று தோழி சொல்கிறாள்.

மூன்றும் மூன்று விதம். எட்சி என்பது 2005 முதல் நடக்கும் ஒரு பெரிய சந்தை. அங்கே கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய வசதி. ஆனால் விதி அவர்களுடையது, கட்டணம் அவர்கள் வைப்பது, உங்கள் பொருளுக்குக் கீழேயே அடுத்தவர் பொருளும் தெரியும். சந்தையில் கடை போடுங்கள், தப்பில்லை. அதையே வீடு என்று நினைக்க வேண்டாம்.

ஷாப்பிஃபை மாதிரியான சேவையில் மாத வாடகை கட்டுகிறீர்கள். பணம் வாங்குவது, இருப்புக் கணக்கு, பாதுகாப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். வேர்ட்பிரஸ் தளம் அமைக்கும் இலவச மென்பொருள். அதில் வூகாமர்ஸ் என்ற இணைப்பைப் போட்டால் கடையாகிவிடும். ஹோஸ்டிங் மட்டும் தனியாக வாங்க வேண்டும். அப்புறம் அப்டேட் செய்வது, பேக்கப் எடுப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். மாதம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்க முடியாது என்றால் வேர்ட்பிரஸ் பக்கம் போகாதீர்கள்.

இருபது பொருளுக்குள் இருந்தால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நாளைக்கு நான் கிளம்பினால் என் பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் வேண்டாம்.

கைப்பை தைப்பவர்: லோகோவுக்கு என்ன நிறம் நல்லது?

உங்கள் பைகளின் போட்டோ பக்கத்தில் வைத்தால் எது உறுத்தாமல் இருக்கிறதோ அது.

க்ரோஷே செய்பவர்: நானும் க்ரோஷேதான் அக்கா. போனில்தான் போட்டோ எடுக்கிறேன். கறுப்பு நூல் சாம்பலாகத் தெரிகிறது. எத்தனை போட்டோ போட வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். போன் போதும், கேமரா வாங்கப் போகாதீர்கள். வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கத்தில் மேசையைப் போடுங்கள். வெளிச்சம் முன்னால் இருந்து வேண்டாம், பக்கவாட்டில் இருந்து வரட்டும். அப்போதுதான் ஒவ்வொரு பின்னலுக்கும் சின்ன நிழல் விழும், முடிச்சு எழுந்து தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் இருட்டுப் பக்கமும் கொஞ்சம் தெளியும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் பட்டால் பின்னல் தட்டையாகிவிடும். அறை விளக்கையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் நூலின் நிறமே மாறிப்போகும்.

கறுப்பு ஏன் சாம்பலாகிறது என்றால், படம் இருட்டாக இருப்பதாக நினைத்து போன் தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் பையின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கறுப்பு கறுப்பாகும். வெள்ளை நூலுக்கு இதற்கு நேர்மாறாகக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும்.

ஒரு பொருளுக்கு ஐந்து படம் போதும். முழுப் பை, பின்பக்கம், உள்பக்கம், ஒரு முடிச்சு மட்டும் கிட்டத்தில், கடைசியாக ஒருவர் தோளில் மாட்டியபடி. தோளில் மாட்டிய படம் இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் எழுதினாலும் வாங்குபவருக்கு அளவு மனதில் உட்காராது.

ஏற்றும் முன் படத்தைச் சுருக்குங்கள். 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி இருக்கும், சில எம்பி கனக்கும். அகலத்தை 1500 புள்ளிக்குள் குறைத்து, ஜேபெக் அல்லது வெப்பி வடிவத்தில் சுமார் 200 கேபிக்கு வந்தாலே கண்ணுக்குக் குறை தெரியாது. பக்கம் சட்டென்று திறக்கும். இன்னொன்று, வீட்டில் இருந்து தொழில் செய்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது: போன் கேமராவில் இருப்பிடம் பதிவாகும் வசதி திறந்திருந்தால், உங்கள் வீடு இருக்கும் இடம் அந்தப் படக் கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். சில தளங்கள் அதை நீக்கிவிடும், சில நீக்காது. கேமரா செட்டிங்கில் அதை அணைத்துவிட்டே எடுங்கள். டொமைன் பதிவு செய்யும்போதும் தனியுரிமைப் பாதுகாப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு முகவரி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

மெழுகுவர்த்தி செய்பவர்: விலையைத் தளத்தில் போட வேண்டுமா? நான் "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்றுதான் போடுகிறேன். பேசினால்தான் ஆள் வாங்குகிறார்.

போட வேண்டும். இரவு பதினோரு மணிக்குக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒருவர் உங்கள் மெழுகுவர்த்தியைப் பார்க்கிறார். பிடித்துவிட்டது. விலை இல்லை. மெசேஜ் அனுப்பினால் நீங்கள் காலையில்தான் பதில் சொல்வீர்கள். அதற்குள் அந்த ஆசை ஆறிவிடும். இன்னொரு பக்கம், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போக நிறையப் பேருக்குக் கூச்சம். அதனால் கேட்காமலேயே போய்விடுவார்கள். அவர்கள் வந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மெழுகுவர்த்தி செய்பவர்: போட்டால் போட்டிக்காரர் பார்த்துவிட்டுக் குறைத்து விற்கிறாரே அக்கா. எனக்கு நடந்தது.

அவரும் மெசேஜ் அனுப்பி விலை கேட்கலாமே. மறைத்ததால் நின்றது வாடிக்கையாளர் மட்டும்தான். உங்கள் மெழுகு எத்தனை மணி நேரம் எரியும், என்ன திரி, என்ன மணம், எத்தனை கிராம் என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். குறைத்து விற்பவர் அதை எழுத மாட்டார். பார்ப்பவருக்கு வித்தியாசம் புரியும்.

ரெசின் வேலை செய்பவர்: நான் அக்கா கட்சி இல்லை. என்னுடையது எல்லாம் ஆர்டர் கொடுத்த பிறகு செய்வது. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. என்ன விலை போடுவேன்?

தம்பி, உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஒரே விலை போட முடியாது. ஆனால் "இந்த விலையில் இருந்து ஆரம்பம்" என்று போடலாம். அதோடு ஏற்கெனவே செய்து கொடுத்த மூன்று வேலைகளைக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு, ஆன நாள், வாங்கிய விலை. தன்னுடையது ஏறக்குறைய எங்கே வரும் என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் பேச வருபவர் வாங்கத்தான் வருகிறார்.

மண்பாண்டம் செய்பவர்: அம்மா, நான் விலை போட்டேன். பேரம் நின்றது உண்மை. ஆனால் பழைய ஆட்களுக்குக் குறைத்துக் கொடுத்து வந்தேன், அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது.

ஐயா, அவர்களுக்கு மட்டும் ஒரு தள்ளுபடிக் குறியீடு உருவாக்கிக் கொடுங்கள். கடை மென்பொருள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு. அவர்கள் மரியாதை அவர்களுக்கு, பலகை விலை எல்லோருக்கும்.

மெழுகுவர்த்தி செய்பவர்: மெழுகு விலை மாதா மாதம் ஏறுகிறது. தினமும் மாற்றிக்கொண்டு இருக்கவா?

தினமும் வேண்டாம். மாற்றும் நாளில் மாற்றுங்கள், இரண்டு நிமிட வேலை. மாற்றும் முன்பு வந்த ஆர்டரைப் பழைய விலைக்கே கொடுத்துவிடுங்கள், அது முக்கியம். ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன்: மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கான விலையை வெளியில் போட வேண்டியதில்லை. சில்லறை விலையை மறைப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இதிலேயே வெகுநேரம் போய்விட்டது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

எம்பிராய்டரி செய்பவர்: ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா?

பெரும்பாலும் முதல் வருடம் மட்டும்தான் இலவசம். இரண்டாம் வருடத்துக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கினாலும் யார் பெயரில் பதிவாகிறது என்று பாருங்கள்.

பனை ஓலைக் கூடை முடைபவர்: கார்டில் பணம் வாங்க என்ன செய்வது? கார்டு எண்ணைப் படிவத்தில் கேட்டு வாங்கலாமா?

கூடவே கூடாது. கார்டு எண் உங்கள் தளத்திலோ, மின்னஞ்சலிலோ, நோட்டுப்புத்தகத்திலோ எங்கேயும் தங்கக் கூடாது. கார்டுப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவை ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள். பணம் கட்டும் பக்கம் அவர்களுடையதாக இருக்கட்டும். எண்ணை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், உங்களுக்குப் பணமும் ரசீதும் மட்டும் வரும். தளத்தின் முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் (https) இருக்க வேண்டும், அனுப்பும் விவரத்தை நடுவில் யாரும் படிக்காமல் காப்பது அதுதான். அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. நிறைய ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தானாகவே போட்டுவிடும். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மணி கோப்பவர்: தளம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. கூகுளில் தேடினால் வரவில்லை.

ஒரு வாரம் போதாது. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொருளின் பெயர், விவரம் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே அழகாக எழுதியிருக்கிறீர்கள். படத்துக்குள் இருப்பதை நம்பித் தேடல் வேலை செய்யாது. அதை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள், எல்லாப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடில். பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டினால் மற்றவர் போனில் குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள்: "சிவப்பு மணி கோத்த இரட்டை வட மாலை" என்பது போல. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவதும் அதைத்தான்.

சோப்பு செய்பவர்: தோல் நோய் குணமாகும் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்ற பட்டியலை முழுதாக எழுதுங்கள், அலர்ஜி உள்ளவருக்கு அதுதான் வேண்டும். மற்ற விதிகளை உங்கள் பகுதி அதிகாரிகளிடம் கேளுங்கள்.

கைவினைக் காகிதம் செய்பவர்: வேர்ட்பிரஸ் நல்லதா, ஷாப்பிஃபை நல்லதா?

மேலே காகித நகைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தோல் பர்ஸ் தைப்பவர்: வேர்ட்பிரஸ் எடுக்கலாம் என்று இருக்கிறேன், சரிதானா? அண்ணன் நண்பர் அவர் கணக்கிலேயே டொமைன் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

முதல் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது, மூன்றாம் முறை எழுத மாட்டேன். இரண்டாவதுக்குத் திரும்ப எழுதுகிறேன், எத்தனை முறை கேட்டாலும் எழுதுவேன்: வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். என் தளத்தைச் செய்தவரும் நல்லவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்யச் சொல்லுங்கள், கணக்கு உங்கள் மின்னஞ்சலில் தொடங்கட்டும், பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையணை உறை தைப்பவர்: எல்லாம் தயார் அக்கா. இன்றைக்கே வெளியிடலாமா?

நாளைக்கு வெளியிடுங்கள். இன்று உங்கள் தளத்தைப் பார்த்தே இராத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, "ஒரு உறை வாங்கு" என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். என் அம்மாவிடம் கொடுத்தபோது பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டு, எத்தனை நாளில் வரும் என்று தேடித் திரும்பத் திரும்ப மேலே போனார். நான் அதை எங்கேயுமே எழுதவில்லை. உங்கள் ஆள் விரல் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தை இன்று இரவே சரி செய்யுங்கள். அப்படியே டொமைன் கணக்கைத் திறந்து, பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா, அடுத்த புதுப்பிப்பு எந்தத் தேதி என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.