சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா: சில நாள் பயன்பாட்டுக்குப் பின் கேள்வி பதில்

சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவை வாங்கிச் சில நாள்கள் ஆகின்றன. நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பதால், இதை வாங்கலாமா என்று நம் வட்டாரத்து நண்பர்கள் பலரும் கேட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அறிமுகமானபோது இதன் 256 ஜிபி வகையின் விலை இந்தியாவில் 1,29,999 ரூபாய். அவ்வளவு பணம் கொடுப்பவருக்கு நம் ஊர் வெயிலிலும் சாரலிலும் அது எப்படி உழைக்கிறது என்பதையே இங்கு பேச விரும்புகிறேன். வேகத்தை அளக்கும் எண்கள் எங்கும் கிடைக்கும். அவற்றுக்குள் நான் போகவில்லை.

கேள்வி (வள்ளியூர், காற்றாலைப் பராமரிப்புப் பணியாளர்): அண்ணாச்சி, எனக்கு நாள் முழுவதும் வெட்டவெளியில்தான் வேலை. உச்சி வெயிலில் இந்தத் திரை தெரிகிறதா, அல்லது வழக்கம்போலக் கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: தம்பி, இந்தக் கருவியில் என்னை முதலில் கவர்ந்தது இதுதான். திரையின் உச்ச ஒளி 2600 நிட்ஸ் (திரை ஒளியை அளக்கும் அலகு) என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஒளியைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் நம் ஊர் வெயிலைச் சமாளிக்க முடியாது. கண்ணாடியின் மேல் விழும் வானத்தின் பிரதிபலிப்புதான் எழுத்தை மறைக்கிறது. கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா ஆர்மர் 2 என்னும் இதன் கண்ணாடி அந்தப் பிரதிபலிப்பை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. நண்பகலில் சுலோச்சன முதலியார் பாலத்தின் ஓரத்தில் நின்று, இதையும் என் பழைய போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டிலும் ஒரே செய்திப் பக்கத்தைத் திறந்தேன். பழைய திரையில் என் முகமும், சட்டைப் பொத்தானும், எனக்குப் பின்னால் இருந்த விளக்குக் கம்பமும் தெரிந்தன. எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. புதிய திரையில் அந்தக் கம்பம் மங்கலான ஒரு கோடாக மட்டுமே தெரிந்தது. ‘ணூ’, ‘ஞூ’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளைக்கூடக் கண்ணைச் சுருக்காமல் படித்தேன்.

இந்த நன்மையைக் கெடுத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வாங்கிய அன்றே கடைக்கு வந்து, மலிவான டெம்பர்டு கிளாஸ் ஒட்டச் சொல்பவர்கள் பலர். அதை ஒட்டிய கணமே பிரதிபலிப்பு முழுமையாகத் திரும்பிவிடும், ஏனென்றால் இப்போது வானம் விழுவது மேலே ஒட்டிய கண்ணாடியின் மீது. அதோடு, இதன் கைரேகை உணரி மீயொலி அலையால் வேலை செய்வது; ஒட்டிய கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சிறிது காற்று நின்றாலும் அது தடுமாறும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசிகள் பொதுவாக 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கு வடிவமைக்கப்படுகின்றன. கத்திரி வெயிலில் நம் ஊர் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். உள்ளே சூடு ஏறினால் எந்த விலையில் வாங்கிய கைப்பேசியும் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையின் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர் வியர்த்து, சூட்டைவிடப் பெரிய கேட்டைச் செய்யும்.

கேள்வி (நாங்குநேரி, கல்லூரி மாணவர்): கூந்தன்குளத்துப் பறவைகளைப் படம் எடுக்க இது போதுமா, அல்லது தனிக் கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டு வகைப் பறவைக்கு இரண்டு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு இதன் 5 மடங்கு லென்ஸ் தாராளமாகப் போதும். அந்த லென்ஸுக்குப் பின்னால் 50 மெகாபிக்சல் உணரி இருப்பதால், நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் 10 மடங்கிலும் படம் கெடவில்லை. குஞ்சுக்கு இரை கொடுக்கும் தாயின் அலகு நுனி வளைவதுவரை தெரிந்தது. குளத்தின் நடுவே நிற்கும் பூநாரைகள் வேறு கதை. 30 மடங்கைத் தாண்டியபின் திரையில் தெரிவதில் பெரும்பகுதி மென்பொருள் ஊகித்துச் சேர்த்த கோடுகள். 100 மடங்கு என்பதை, அங்கே நிற்பது என்ன பறவை என்று அறிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் பறவையையும், அந்தி நேரத்தையும் இது தனிக் கேமராவைப் போலப் பிடிக்காது, எஃப்/3.4 என்னும் சிறிய லென்ஸ் திறப்பு வழியே புகும் வெளிச்சம் அவ்வளவுதான்.

200 மெகாபிக்சல் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். முதன்மைக் கேமரா வழக்கமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுதான் நல்லது. முழு 200 மெகாபிக்சலை நல்ல வெயிலில், அசையாத காட்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கூந்தன்குளம் போகும்போது போனின் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது.

கேள்வி (திருநெல்வேலி டவுன்): நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களையும் தாமிர சபையையும் குறைந்த வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தீர்களா?

பதில்: எடுக்கவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்ய 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. அதை மதித்து, வெளியே பாதுகாப்பறையில் கொடுத்துவிட்டுப் போவதே முறை.

கேள்வி (தென்காசி): அண்ணாச்சி, சீசனுக்குக் குற்றாலம் போகிறோம். இது ஐபி68 என்கிறார்கள். அருவியில் நனைந்தால் ஒன்றும் ஆகாதுதானே?

பதில்: தயவுசெய்து அருவிக்குள் கொண்டுபோகாதீர்கள். ஐபி68 என்று இவர்கள் குறிப்பது, 1.5 மீட்டர் ஆழமுள்ள அசையாத நன்னீரில் 30 நிமிடம் வரை வைத்து ஆய்வகத்தில் பார்த்த சோதனை. ஐந்தருவியில் தலைமேல் விழும் தண்ணீரின் அடி அந்தச் சோதனையில் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எண்ணெயும் சோப்பும் நீர்காப்புப் பசைக்கு ஆகாதவை. புதிய கருவியில் இறுக்கமாக இருக்கும் அந்தப் பசை, கீழே விழுந்து சட்டம் சற்று நெளிந்தாலோ, ஒருமுறை பின்பக்கத்தைத் திறந்து ஒட்டினாலோ பழைய வலிமையோடு இருக்காது. நீர் புகுந்த பழுதை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதும் இல்லை. சாரலில் நனைவதற்கும், கை தவறி வாளியில் விழுவதற்கும் பயப்பட வேண்டாம். அதற்காகத்தான் இந்தக் காப்பு.

கடல்நீர் இன்னும் கொடியது. உவரியிலும் திருச்செந்தூரிலும் அலையில் நனைந்து என் மேசைக்கு வரும் போன்களைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், சார்ஜர் செருகும் இடத்தின் உலோக ஊசிகள் பச்சை பூத்திருக்கும். சிலவற்றில் ஊசியே கரைந்து போயிருக்கும். நனைந்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றில் உலர விடுங்கள். ஈரம் இருப்பதாகத் திரை எச்சரித்தால் சார்ஜ் போடாதீர்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கவும் வேண்டாம். அரிசித் தூள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

கேள்வி (பாளையங்கோட்டை, பள்ளி ஆசிரியை): செயற்கை நுண்ணறிவு வசதிகள் தமிழில் எவ்வளவு பயன்படுகின்றன? இதனோடு வரும், திரையில் எழுதும் பேனா எப்படி இருக்கிறது?

பதில்: அக்கா, தமிழர்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். தொலைபேசி அழைப்பை நேரடியாக மொழிபெயர்க்கும் வசதியில் இந்தி இருக்கிறது, என் கருவியில் தமிழ் இல்லை. இவ்வளவு பேர் வாங்கும் ஒரு நாட்டில் இது சரியல்ல. நிறுவனத்துக்குக் கருத்து அனுப்பும் வசதி வழியாக நாம் எல்லோரும் கேட்க வேண்டும். கூகுளின் ஜெமினி தமிழ் அறியும். பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே வருகிறது. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசித் தட்டச்சு செய்வது எனக்கு நாள்தோறும் உதவுகிறது. நிதானமாகப் பேசினால் நன்றாக எழுதுகிறது, நம் வட்டாரப் பேச்சில் வேகமாகப் போனால் தடுமாறுகிறது. ஆனால் இந்த இரண்டும் பாதி விலைப் போனிலும் கிடைப்பவை. ஆகவே செயற்கை நுண்ணறிவுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

பேனா எழுதுவதற்கு மிக இதமாக இருக்கிறது. விடைத்தாளைப் படமெடுத்து அதன் மேலேயே திருத்தலாம். முந்தைய அல்ட்ராக்களில் பேனாவின் பொத்தானை அழுத்தித் தொலைவிலிருந்து படம் எடுக்க முடிந்தது. இதில் பேனாவுக்கு புளூடூத் இல்லாததால் அந்த வசதி போய்விட்டது.

கேள்வி (அம்பாசமுத்திரம், அரிசி வியாபாரி): பெட்டியில் சார்ஜர் இல்லையாமே? வீட்டில் இருக்கும் பழைய சார்ஜர் போதுமா?

பதில்: போதும் ஐயா, ஆனால் மெதுவாக ஏறும். 45 வாட் வேகம் வேண்டுமானால் பிபிஎஸ் (PPS) என்னும் வேக சார்ஜ் முறையை ஏற்கும் யுஎஸ்பி பிடி (USB PD) சார்ஜரும் 5 ஆம்பியர் தாங்கும் கேபிளும் தேவை. வேறு நிறுவனப் போனோடு வந்த 80 வாட், 100 வாட் சார்ஜர்கள் பல, இதற்கு அந்த வேகத்தைத் தருவதில்லை. 5000 எம்ஏஎச் மின்கலம் எனக்குக் காலை முதல் இரவு வரை தாங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் மின்கலம் முழுதாக நிரம்பியபடியே கிடந்தால் சீக்கிரம் முதுமை அடையும். அமைப்புகளில் 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. கடையிலேயே உட்கார்ந்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் அதை இயக்கி வைக்கலாம்.

கேள்வி (சேரன்மகாதேவி): நாற்பதாயிரம் ரூபாய்ப் போனே நன்றாக இருக்கிறது. இவ்வளவு கொடுப்பது தகுமா?

பதில்: பேச, வாட்ஸ்அப் பார்க்க, பணம் அனுப்ப, வீட்டு விசேஷங்களைப் படமெடுக்க என்றால் தகாது. கடன் வாங்கியோ, தவணைக்கு மூச்சுத் திணறியோ வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் நின்று திரையைப் பார்த்தே பிழைக்க வேண்டியவர், தொலைவிலுள்ளதைப் படமெடுப்பவர், ஒரே கருவியை நெடுங்காலம் வைத்திருக்க நினைப்பவர் ஆகியோருக்குத் தகும். ஏழு ஆண்டுகளுக்கு ஆண்ட்ராய்டு மேம்பாடும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக நிறுவனம் உறுதி சொல்லியிருக்கிறது, அதாவது 2032 வரை. அந்தக் காலத்துக்குள் ஒரு முறையாவது மின்கலம் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். மெமரி கார்டு போட இடம் இல்லாததால், படம் அதிகம் எடுப்பவர்கள் 512 ஜிபி வகையைப் பார்க்கலாம். எஸ்24 அல்ட்ரா வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. எடை 232 கிராமிலிருந்து 218 ஆகக் குறைந்ததும், விளிம்பு கையை உறுத்தாமல் வளைந்ததும் இதமானவைதான், ஆனால் அவற்றுக்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி (மேலப்பாளையம்): அப்படியானால் எஸ்24 அல்ட்ராவைப் பழையதாக வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: நல்ல முடிவு. அதன் கண்ணாடியும் பிரதிபலிப்பைக் குறைப்பதுதான். முதலில் *#06# அழுத்தி, ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ (IMEI) எண்ணைப் பாருங்கள். பெட்டியிலும் ரசீதிலும் அதே எண் இருக்க வேண்டும். பிறகு கேஒய்எம் (KYM) என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட கருவியா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையே தெரிவித்துவிடும். திரை மாற்றப்பட்டிருக்கிறதா என்று அறிய, அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் நின்று பாருங்கள். மலிவான மாற்றுத் திரை போட்டிருந்தால் உங்கள் முகம் அதில் பளிச்சென்று தெரியும். ரசீது இல்லாமல் கிடைப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.