பல ஊர் மாணவர்கள் இருக்கும் விழாவில், யார் மனமும் புண்படாமல் ஊர்களைக் கிண்டலடிக்கும் பாட்டு எழுதுவது எப்படி?

கேள்வியில் இருப்பது இதுதான்: கல்லூரி விடுதி விழா, ஆறேழு ஊர் ஆட்கள், தெரிந்த மெட்டு, ஊருக்கு ஒரு சரணம், சண்டை வரக்கூடாது.

முதலில் எதை எழுதுவது என்று பார்ப்போம். பெரும்பாலான ஊர்ப் பாட்டுகள் படுத்துவிடுவதற்கு ஒரே காரணம்தான். திருநெல்வேலி என்றால் அல்வா, திண்டுக்கல் என்றால் பூட்டு, மணப்பாறை என்றால் முறுக்கு, தஞ்சாவூர் என்றால் தலையாட்டி பொம்மை என்று பேருந்து நிலையப் பலகையில் இருப்பதையே எதுகை போட்டு அடுக்கிவிடுகிறார்கள். அடுத்த வரி என்னவென்று கேட்பவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்த வரிக்கு யாரும் சிரிப்பதில்லை.

ஊரின் பெயரால் அந்த ஊர்க்காரர் படும் பாட்டை எழுதுங்கள். நெல்லைக்காரர் பரீட்சைக்காக வந்தாலும் சரி, துக்க வீட்டிலிருந்து திரும்பினாலும் சரி, அறை நண்பர்களின் கண் அவர் பையில்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆளுக்குப் பால்கோவா, கோவில்பட்டி ஆளுக்குக் கடலை மிட்டாய். சிவகாசிக்காரருக்கு ஆண்டு முழுக்க வராத தொலைபேசி அழைப்பெல்லாம் ஐப்பசியில் வரும். கும்பகோணத்துக்காரர் விடுதிக் காபியைக் குடித்துவிட்டு எதுவும் பேசாமல் டம்ளரைக் கீழே வைத்தாலே அது விமர்சனமாகிவிடும். இதைப் பாடினால் ஊர் தப்பிக்கும், ஊர்க்காரர் தலையாட்டுவார், மற்றவர்களுக்கும் 'நாமும் அப்படித்தானே கேட்டோம்' என்று உறைக்கும். அடி ஊர் மேல் விழாமல் கேட்பவர் மேலும் பாடுபவர் மேலும் விழுகிறது. கோபம் வர வழியே இல்லை.

இதற்கு முன்னோடி தமிழிலேயே உண்டு. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தைப் பற்றிக் காளமேகம் பாடிய வெண்பாவைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கும், இலையில் ஓர் அகப்பைச் சோறு விழும்போது விடிவெள்ளி முளைக்கும். திட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. மூன்று நேரங்களைச் சொல்லியே தாமதத்தைக் காட்டிவிட்டார். சத்திரத்துக்காரர் வருந்தியதும் அதே பாட்டுக்குப் பாராட்டாகப் பொருள் சொன்னார் என்பது கர்ண பரம்பரைக் கதை: 'ஊர் அடங்கும்' என்றால் ஊரார் பசி அடங்கும் என்று. நீங்களும் எழுதிய வரியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பாராட்டாகவும் படிக்க முடிந்தால் அதைத் தைரியமாக மேடைக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது மெட்டு. சினிமாப் பாட்டை எடுத்தால் பல்லவியை மட்டும் எடுங்கள். எல்லோருக்கும் தெரிந்தது பல்லவிதான். சரணத்தின் மெட்டு பாதிப் பேருக்குப் பிடிபடாது, மூலம் தெரியாவிட்டால் நையாண்டியும் தெரியாது. முதல் சொல்லின் ஓசை மூலத்தின் முதல் சொல்லை ஒட்டியிருக்கட்டும், அதில்தான் கூட்டம் பாட்டை அடையாளம் கண்டுபிடிக்கும். என்னைக் கேட்டால் கும்மி மெட்டையே சொல்வேன். ஓரடிக்கு ஏழு சீர், 4 + 3 என்று இரண்டு வரியாகப் பிரியும். எட்டாவது சீர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக நிற்கும், மூச்சும் அங்கே, கைத்தட்டலும் அங்கே. மெட்டு சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிவருவதால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடலாம். சுருதி அளவில் ஆண்களுக்கு 1 கட்டையும் பெண்களுக்கு 5 கட்டையும் வசதி என்பதால் வரும் சுருதிச் சண்டை இதில் பெரும்பாலும் வராது, ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளலாம்.

எழுதத் தொடங்கும் முன் மெட்டைத் தத்தகாரமாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'தந்தன தானன தந்தன தானன' என்று வாயால் சொல்லி, நீளும் இடங்களுக்கு அடிக்கோடு இடுங்கள். அந்த இடத்தில் நெடிலோ மெய்யோடு முடியும் அசையோ வரவேண்டும். குறிலை வைத்து இழுத்தால் சொல்லே மாறிவிடும். 'எங்கள் ஊர் வடை' என்று எழுதி, மெட்டு 'வ'வில் நீண்டால், மேடையில் கேட்பது 'எங்கள் ஊர் வாடை'. கலை காலையாகும், படம் பாடமாகும். வேண்டுமென்றே செய்தால் நல்ல நகைச்சுவை, தெரியாமல் நடந்தால் பாடுபவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஊர்ப் பெயர்தான் பெரிய தலைவலி. திண்டுக்கல், தூத்துக்குடி இரண்டும் மூன்றசை, ஒரு சீரில் கச்சிதமாக உட்காரும். சேலம், மதுரை ஈரசை, அதுவும் சுலபம். கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் நான்கசை, ஒரு சீருக்குள் அடங்காமல் பிதுங்கும். இதற்குத்தான் மரூஉ, அதாவது ஊர்ப் பெயரின் சுருங்கிய வடிவம், இருக்கிறது: கோவை, நெல்லை, தஞ்சை, குடந்தை, நாகை, புதுவை. இப்படிப் பல ஊர்களுக்கு நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றும் கையில் இருப்பது பாட்டு எழுதுபவருக்குக் கிடைத்த வரம். எதுகையும் உடனே கிடைக்கும்: கோவைக்குத் தேவை, சேவை, சேலத்துக்கு ஏலம், பாலம், காலம், தஞ்சைக்குக் கஞ்சி, பஞ்சு. நெல்லைக்குத் 'தொல்லை' மட்டும் வேண்டாம். எழுதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தால் எப்படி வரும் என்பதற்கு இரண்டு மாதிரி:

நெல்லைக்குப் போய்வந்த பையைத் திறந்திடும்
நேரத்தில் ஆயிரம் நண்பரடா!
இல்லையே அல்வாவென் றேனொரு வார்த்தைதான்,
என்னவூர் நீயென்று கேட்டதறை!

திண்டுக்கல் பூட்டொன்று வாங்கிவந் தேனதைத்
தேக்குக் கதவினில் மாட்டிவைத்தேன்;
கண்டதும் கள்ளன் வணங்கிவிட் டான்சாவி
காணாமல் நானுமே திண்ணையிலே!

இரண்டிலும் முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இரண்டாம் எழுத்து எதுகை (நெல்லை–இல்லை, திண்டு–கண்டு). 1–2, 3–4 வரிகளுக்குள் முதலெழுத்து மோனை. கும்மிக்கு இவ்வளவு போதும். பூட்டுப் பாட்டில் பூட்டுக்கு ஒரு குறையும் சொல்லவில்லை, திருடனே வணங்கும் அளவுக்குப் புகழ்ந்திருக்கிறது. மாட்டிக்கொண்டது பாடுபவர். முக்கியமாக, சிரிப்பு கடைசிச் சீரில் இருக்கிறது. 'திண்ணையிலே' என்ற சொல் விழும்வரை விஷயம் முடியவில்லை. 'திண்ணையில் நான் கிடந்தேனே, சாவி காணாமல்' என்று மாற்றிப் பாருங்கள், பாதியிலேயே காற்று இறங்கிவிடும். எதுகைக்காகச் சொற்களை இடம் மாற்றும்போது நடக்கும் பெரிய விபத்து இது.

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு என்ன வருகிறது என்பதையும் திட்டமிட வேண்டும். கூட்டம் சிரிக்கும்போது அடுத்த ஊரின் முதல் வரி தொடங்கிவிட்டால் அது யார் காதிலும் விழாது, எந்த ஊர் என்றே தெரியாமல் அந்தச் சரணம் முழுதும் வீணாகும். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பொருளே இல்லாத 'தன்னானே தானன்னே' குழுவரியை இரண்டு முறை வையுங்கள். சிரிப்பை அது வாங்கிக்கொள்ளும். சிரிப்பு வராவிட்டாலும் மானம் போகாது, பாட்டு பாட்டாக நகர்ந்துவிடும். ஊருக்கு நான்கு வரி, குழுவரி இரண்டு முறை என்றால் சுமார் 30 நொடி. ஆறு ஊருக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் ஆறாவது ஊருக்குச் சிரிக்க ஆள் இருக்காது.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு ஒரு சொல் போதும். கோவைக்கு ஒரு 'ஏனுங்', நெல்லைக்கு ஒரு 'ஏலே', மதுரைக்கு ஒரு 'வந்தாய்ங்க'. அதையும் அந்த ஊர்க்காரரே பாடட்டும். நான்கு வரியும் வழக்கில் எழுதினால் எங்கோ ஒரு விகுதி தவறும், அந்த ஊர்க்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். 'ஏலே'யை மேடையிலிருந்து ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டாம், அது நண்பர்களுக்குள் மட்டும்.

பழைய கிண்டல்களை அப்படியே எடுக்காதீர்கள், பலவற்றின் காலம் முடிந்துவிட்டது. வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டு: மன்னரில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று போகும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் மீண்டும் லிங்கத்தை வைத்து வழிபாடு தொடங்கிவிட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாத வெள்ளம் போனது. இன்று அந்தப் பட்டியலைப் பாடினால் வேலூர்க்காரர் கைதூக்கித் திருத்துவார். அதையே பாட்டாக்கலாம்: பட்டியலை ஒருவர் பாட, வேலூர் ஆள் ஒவ்வொரு வரிக்கும் எழுந்து மறுக்கட்டும். அந்தப் பட்டியலில் பெண்களின் அழகைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துச் சொல்வார்கள். அதைத் தூக்கி எறியுங்கள், பெண்கள் உட்கார்ந்திருக்கும் அவையில் அதற்கு இடமில்லை.

தொடவே கூடாதவை சில. சாதி, மதம், குற்றச் செய்தி இவற்றால் ஓர் ஊருக்கு வந்த பெயர் வேண்டாம். கீழ்ப்பாக்கம், ஏர்வாடி என்று மனநோயைக் கிண்டலடிப்பது இன்னும் சிலருக்கு விளையாட்டாக இருக்கிறது. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி 28 பேர் இறந்தார்கள். சிவகாசிக்கு 'வெடி' என்று எழுதும் முன்பும் யோசியுங்கள். 2012 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து போல அங்கே பல நடந்திருக்கின்றன, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலேயே இழப்பு இருக்கலாம். நாட்காட்டி, தீப்பெட்டி, தீபாவளித் தொலைபேசி என்று சிவகாசிக்கு வேறு சரக்கு நிறைய உண்டு.

உள்ளுக்குள் பாடுவது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக ஆசிரியர்களும் மாணவர்களும், அவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களும் மட்டுமே அடங்கிய அவைமுன் நிகழ்த்துவதற்கு விலக்கு உண்டு. ஆனால் நியாயமான பயன்பாடு என்று அந்தப் பிரிவு சொல்லும் இடத்தில் விமர்சனம் இருக்கிறது, நையாண்டி என்ற சொல் இல்லை. சினிமா மெட்டில் பாடிய காணொளியை ஏற்றினால் உரிமையாளர் நீக்கச் சொல்லலாம். கரோக்கி இசைத்தடத்துக்கும் தனி உரிமை உண்டு, வரியை மாற்றினாலும் தானியங்கிச் சோதனை இசையைக் கண்டுபிடித்துவிடும். வழிவழியாக வரும் கும்மி, தெம்மாங்கு மெட்டில் நீங்களே தாளம் போட்டுப் பாடினால் இந்தத் தொந்தரவு இல்லை.

வரிசையும் முக்கியம். முதல் சரணம் பாட்டு எழுதியவரின் சொந்த ஊர். தன் ஊரை வாரிக்கொண்டவருக்கு மற்ற ஊர்களைத் தொடத் தகுதி வந்துவிடும். அதிக ஆட்கள் இருக்கும் ஊர் கடைசி, கூச்சல் அங்கே உச்சத்துக்குப் போகட்டும். ஓர் ஊரிலிருந்து ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவர் சரணத்தை மென்மையாக்குங்கள், அவருக்குப் பக்கபலமாகக் கத்த ஆள் கிடையாது. இரண்டு நாள் முன்பே அந்தந்த ஊர்க்காரரிடம் தனியாகப் பாடிக் காட்டுங்கள். 'பரவாயில்லை, பாடுங்க' என்று சொன்னால் அந்தச் சரணத்தை எடுத்துவிடுங்கள். 'இதைவிட இன்னொண்ணு இருக்கு, அதைப் போடு' என்று அவரே ஆரம்பித்தால்தான் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிட நன்றாகவே இருக்கும், மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சிறப்பு விருந்தினர் எந்த ஊர் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான்கு வரி தயாராக இருக்கட்டும். முகம் பார்த்துச் சிரிக்கிற ஆள் என்று தெரிந்தால் மட்டும் பாடலாம்.