நாயகன் நம்மைப் பார்த்துப் பேசினால் போதுமா?

கேள்வி: சமீபத்தில் ஒரு பிளாட்ஃபார்மர் கேம் (ஓடி, தாவி, பள்ளம் தாண்டும் வகை) ஆடினேன். தான் ஒரு கேமுக்குள் இருக்கிறோம் என்பது அதன் நாயகனுக்கே தெரியும். ஓடிக்கொண்டிருப்பவன் பாதியில் நின்று நம்மைப் பார்த்து, ‘இன்னும் எத்தனை காசு பொறுக்கச் சொல்வாய்?’ என்று கேட்கிறான். ஒரு லெவலில் பாலமே இல்லை. ‘வரைய பட்ஜெட் இல்லையாம்’ என்று தன்னை உருவாக்கியவர்களையே கிண்டலடிக்கிறான். நான்காவது சுவரை, அதாவது கதைக்கும் பார்ப்பவருக்கும் நடுவே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் சுவரை, உடைத்த முதல் கேம் இதுவாகத்தான் இருக்கும். இதைக் கலை என்று ஒப்புக்கொள்ள உங்களைப் போன்றவர்களுக்கு என்ன தயக்கம்?

பதில்: முதல் கேமா? சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 வந்தது 1988இல். ஆரம்பத்திலேயே திரைச்சீலை மேலே போகிறது. மரியோ ஏறி நிற்கும் கட்டைகளில் சில, பின்னணியோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டவை. சில மேலேயிருந்து தொங்குபவை. கட்டைகளின் நிழல் வானத்தின் மேலேயே விழுகிறது, அதாவது அந்த வானம் வெறும் படுதா. முழுக்க முழுக்க நாடக மேடை. ஆனால் மரியோ இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் 2015இல்தான் ‘ஆமாம், அது நாடகம்தான்’ என்று தலையாட்டினார்.

1991இல் வந்த கேமின் நாயகனான சோனிக் என்ற முள்ளெலி, நீங்கள் கன்ட்ரோலரைச் சும்மா வைத்திருந்தால் உங்களை முறைத்துக்கொண்டே காலால் தரையைத் தட்டும். 1993இன் சோனிக் சிடியில் அந்தப் பொறுமையும் கிடையாது. மூன்று நிமிடம் காக்க வைத்தால் திரையை விட்டே குதித்துப் போய்விடும், கேம் ஓவர். 2001இல் கான்கர் என்ற அணில் இன்னும் ஒரு படி மேலே போனது. கடைசிச் சண்டையின் நடுவில் கேம் உறைந்துவிட்டதுபோல் நிற்க, அது புரோகிராமரையே கூப்பிட்டுப் பேரம் பேசி, ஒரு வாளை வாங்கிக்கொண்டு சண்டைக்குத் திரும்புகிறது.

எனவே புதுமை என்ற வாதத்தை விட்டுவிடுவோம். கலையா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நீங்கள் எழுதியதில்தான் ஒன்று குறைகிறது. பாலம் இல்லாத அந்த லெவலில் அப்புறம் என்ன செய்தீர்கள்? வழக்கம்போலப் பக்கத்துக் கட்டைகளில் தாவித் தாவி அக்கரை போய்ச் சேர்ந்திருந்தால், பட்ஜெட் வசனம் வெறும் வசனம். ஒலியை அணைத்துவிட்டு ஆடினாலும் அதே லெவல்தான். காசு பொறுக்குவது சலிப்பு என்று நாயகன் புலம்புகிறான். அப்புறம் காசு பொறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. சோம்பலை முந்திக்கொண்டு ஒப்புக்கொள்வது ஒரு தந்திரம். குறை சொல்ல வருகிறவன் வாயை அடைத்துவிடும், குறை அப்படியே இருக்கும்.

டிஎல்சி குவெஸ்ட்டைப் பாருங்கள், 2011இல் வந்த சின்ன கேம். தொடங்கியதும் வலது பக்கம் மட்டுமே போக முடியும். இடது பக்கம் நடக்க, குதிக்க, ஏன், ஒலி கேட்கக்கூட, கேமுக்குள் சேர்த்த காசைக் கொடுத்து வாங்க வேண்டும். ஒரே கேமை டிஎல்சி என்ற பெயரில் துண்டு துண்டாக விற்கும் வியாபாரத்தின் மேலான கேலி இது. அதை யாரும் விளக்கத் தேவையில்லை. இடது பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, புரிந்துவிடுகிறது. அசீவ்மென்ட் அன்லாக்டு (2008) இதே வகை. ஒரு யானை, ஒரே ஒரு திரை, நூறு விருதுகள்; செத்தால்கூட விருது. சிரித்துக்கொண்டே நூறையும் துரத்துவீர்கள். கேலி யார் மேல் என்று பாதியில் உறைக்கும்.

போனி ஐலண்டின் (2016) ஒரு சண்டையில், ஸ்டீமில் (கேம்களை வாங்கி ஆடும் இணையத் தளம்) உங்கள் நண்பரிடமிருந்து செய்தி வந்ததுபோல் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும். பெயர் உங்கள் நண்பர்கள் பட்டியலில் இருந்தே எடுத்தது! செய்தி பொய். கண் அங்கே போன நொடியில் தோற்றிருப்பீர்கள். நாயகன் திரும்பிப் பார்த்துப் பேசும் கேம்களெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பது என் கட்சி.

இன்னொன்று. இந்த வகை கேம்கள் காசையும் இளவரசியையும் கிண்டல் செய்கின்றன, அது சுலபம். தங்களுடைய பெரிய பொய்யைப் பற்றி மூச்சு விடுவதில்லை. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போது ஜம்ப் அழுத்தினாலும், சில ஃபிரேம்கள்வரை, அதாவது நொடியின் ஒரு சிறு பங்கு நேரம்வரை, நல்ல பிளாட்ஃபார்மர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கயோட்டி டைம் என்பார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்கவைக்கும். செலஸ்ட் (2018) கடினமான கேம் என்று பெயர் வாங்கியது. அதற்குள் இப்படிப்பட்ட கருணைகள் ஏராளம், உருவாக்கியவர்களே வெளியில் சொல்லியும் இருக்கிறார்கள். நம் விரல் சுறுசுறுப்பு என்று நாம் பெருமைப்படுவதில் ஒரு பங்கு கேம் போட்ட பிச்சை. எல்லாம் தெரிந்ததாகப் பீற்றிக்கொள்ளும் உங்கள் நாயகன் ‘இப்போது விழுந்திருப்பாய், நான்தான் காப்பாற்றினேன்’ என்று ஒருமுறை சொல்லட்டும், அதன் பிறகு என்னை மட்டும் காப்பாற்றாமல் விடட்டும். அந்த லெவலை ஆட நான் தயார்.

அப்புறம், கேம்களைப் பற்றி இங்கே எழுதக்கூடாது என்று யாரும் தடை போடவில்லை. நீங்களே விமர்சனம் எழுதி அனுப்புங்கள். அதில் நாயகனின் வசனங்களைக் குறைத்து, உங்கள் விரல்கள் என்ன செய்தன என்பதைக் கூட்டுங்கள்.