கம்பெனி கைமாறினால் நம் வேலை என்னாகும்? வாசகர் கேள்விகள்

எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போகிறது. டெல்லியில் போட்டி ஆணையம் அனுமதிக்கும்போது எங்கள் வேலையையும் பார்ப்பார்கள்தானே? – கஞ்சிக்கோடு வாசகர்

பார்க்க மாட்டார்கள். சந்தையில் போட்டி கெடுமா என்று பார்ப்பதுதான் ஆணையத்தின் வேலை. 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 20(4) பிரிவில் ஆணையம் கவனிக்கவேண்டிய விஷயங்கள் நீளமாக இருக்கின்றன. புதியவர் தொழிலுக்குள் வர முடியுமா, விலை ஏறுமா என்றெல்லாம் கேட்கிறது. எத்தனை பேருக்கு வேலை போகும் என்ற வரி மட்டும் இல்லை. தவிர, சின்ன கம்பெனிகளின் கைமாற்றம் பெரும்பாலும் ஆணையத்தின் வாசலுக்கே போகாது.

12 வருட சர்வீஸ். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, புதுக் கம்பெனியின் நியமனக் கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? – கொழிஞ்சாம்பாறை வாசகர்

போடாதீர்கள். யூனியனில் காட்டாமல் பேனாவையே எடுக்காதீர்கள்.

தொழில் கைமாறும்போது தொழிலாளிக்கு முன்பு இருந்த பாதுகாப்பு பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 25FF பிரிவு. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. வேலை இடையில் அறுபடக் கூடாது. சம்பளமும் நிபந்தனைகளும் முன்பைவிடக் குறையக் கூடாது. பின்னாளில் ஆட்குறைப்பு செய்தால் பழைய சர்வீஸையும் சேர்த்து நஷ்டஈடு தரப் புதிய முதலாளி கட்டுப்பட வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் நஷ்டஈடு கேட்கலாம்.

ராஜினாமா கொடுத்தால் நீங்களாகவே போனவர் ஆகிவிடுவீர்கள், நஷ்டஈடு போச்சு. கிராஜுவிட்டியையும், அதாவது வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸுக்காகக் கிடைக்கும் பணிக்கொடையையும் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால், 12 வருடத்துக்கு 1,03,846 ரூபாய் இன்றைக்கு வரும். சரி, வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். சர்வீஸ் தொடர்ந்திருந்தால் அதே 12 வருடத்துக்கும் ஓய்வு பெறும் நாளின் சம்பளத்தில் கணக்குப் போடுவார்கள். புது இடத்திலோ கிராஜுவிட்டி கிடைக்க மறுபடி ஐந்து வருடம் முடியவேண்டும். "பழைய சர்வீஸ் தொடரும்" என்று எழுத்தில் கேளுங்கள்.

பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. முதலாளி மட்டும் பங்குகளை விற்றுவிட்டார். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்காது. சட்டத்தின் கண்ணில் உங்கள் முதலாளி அந்தக் கம்பெனிதான், அது மாறவில்லை. சர்வீஸும் அப்படியே தொடர்கிறது.

தொழிலாளர்களே பங்குதாரர் ஆகிவிட்டால் பிரச்சினை தீருமா? – மூணாறு வாசகி

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறதே அம்மா. 2005-ல் டாடா டீ விலகியபோது கண்ணன் தேவன் தோட்டங்கள் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்குப் போயின. வேலை நிலைத்தது, உண்மை. ஆனால் 2015-ல் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்கள் அதே கம்பெனியின் தொழிலாளிகள்தான். பங்குப் பத்திரம் வேறு, கூலிப் பேச்சுவார்த்தை வேறு.

நான் காண்ட்ராக்ட் ஆள். எனக்கு?

மேலே சொன்னது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் முதலாளி காண்ட்ராக்டர். அவரிடம் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், அவர் நிறுத்தும்போது ஆட்குறைப்பு நஷ்டஈட்டை அவரிடம் கேட்கலாம். அவரிடம் வேலை செய்ததற்குச் சான்றாக பி.எஃப். பாஸ்புக்கை இன்றைக்கே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.