ரிக்கன்பேக்கர் வாங்கினால் ஸ்கொயர் ஆகலாமா?

கேள்வி: யெஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்தில் கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் (அடித்தொனி கிட்டார்) அவ்வளவு கணீரென்று கேட்பதற்கு அவர் வாசித்த ரிக்கன்பேக்கர் கம்பெனி கிட்டார்தான் காரணம், யார் வாங்கி வாசித்தாலும் அதே சத்தம் வரும் என்கிறான் என் நண்பன். பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: நல்ல கிட்டார், தாராளமாக வாங்குங்கள். ஆனால் ‘ஃப்ராஜைல்’ சத்தம் பெட்டியோடு சேர்ந்து வரும் என்று நம்பி வாங்காதீர்கள். நண்பர் சொல்வது ஸ்கொயருக்குச் செய்கிற அநியாயம். அந்த மனிதர் ஆறு வருடம் தேடித் தேடிச் சேர்த்த சத்தத்தை ஒரு கம்பெனியின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

1965-இல் லண்டன் பூஸி அண்ட் ஹாக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது, ஊழியர் தள்ளுபடியில் ஸ்கொயர் வாங்கிய கிட்டார் அது. 4001எஸ் மாடலை இங்கிலாந்துக்கென்று ஆர்எம்1999 என்ற பெயரில் அனுப்பினார்கள். கடையிலிருந்து வந்தபோது அதன் இரண்டு பிக்கப்புகளின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகங்கள்) ஒலியும் கலந்து ஒரே வயரில்தான் வெளியே போகும். ஸ்கொயர் வயரிங்கை மாற்றி இரண்டையும் பிரித்தார். கழுத்துப் பக்கத்து பிக்கப் பேஸ் ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்). பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்து பிக்கப் லீட் கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் ஆம்புக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பேஸை ஒரே ஆம்பில் கொடுத்து, கரகரப்பு வரும்வரை திருகினால் என்ன ஆகும்? கரகரப்பு வரும், அடிக்கனம் போய்விடும். எந்தச் சுரம் என்றே பிடிபடாமல் குழைந்துவிடும். கரகரப்பு சேர்க்கும் ஃபஸ் பெட்டி வழியாக விட்டாலும் அதே கதிதான். ஸ்கொயர் கிட்டார் ஆம்பில் அடித்தொனியைக் குறைத்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் உறும விட்டார். பேஸ் ஆம்பில் அடித்தொனியை ஏற்றிச் சுத்தமாக நிறுத்தினார். மேலே சீற்றம், கீழே அசையாத கனம். இரண்டும் ஒரே கம்பியிலிருந்து வருவதாகவே நம் காதுக்குப் படும். இதை எந்தத் தொழிற்சாலையும் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை.

கம்பிகள் ரோட்டோசவுண்ட் கம்பெனியின் ரவுண்ட்வவுண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய சொரசொரப்பானவை. வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் பேஸ் ‘தும் தும்’ என்று அடங்கிக் கிடந்த காலத்தில், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் இந்தக் கம்பியில் பியானோ மாதிரி மின்ன வைத்தார். ஸ்கொயர் அவருடைய ரசிகர்.

பிறகு வலது கை. அவர் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) பிடித்து வாசித்தவர். பிக் கம்பியைத் தட்டிய அடுத்த நொடியே கட்டைவிரலின் சதையும் அதே கம்பியில் உரசும். ஹெட்ஃபோனில் கேளுங்கள்: சுரத்தின் தலையில் ஒரு சின்ன ‘டிக்’, அதன் பிறகுதான் உடல் வருகிறது. பணம் கொடுத்து வாங்க முடியாத பாகம் இதுதான்.

கிட்டாரேகூட பழைய கிட்டாராக இல்லை. அறுபதுகளின் மோகத்தில் அதன் மேல் பூப்போட்ட தாளை ஒட்டினார், உரித்தார், தேய்த்தார், மறுபடி வண்ணம் பூசினார். ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் இளைத்தது. சத்தம் அப்படி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே நம்பினார். 1991-இல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் அவர் பெயரில் 4001சிஎஸ் என்று ஒரு மாடலே கொண்டுவந்தது. அதை வாங்கிய அத்தனை பேரும் ஸ்கொயர் மாதிரி ஒலித்திருந்தால் உங்கள் நண்பர் ஜெயித்திருப்பார்.

நண்பரை உட்காரவைத்து ‘ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்’ போடுங்கள். ஆரம்பத்துப் புயல் சட்டென்று ஓய்ந்து, பேஸும் பில் ப்ரூஃபோர்டின் டிரம்ஸும் மட்டும் மிஞ்சுகிற இடம் வரும். பின்னால் மெலோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) மெல்ல எழும். பேஸ் ஒரே சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கும். அங்கே உறுமல் குறைவு, ஆனாலும் இரண்டாவது சுரத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. அது எந்த ஆம்பின் வேலை? அதே ஆல்பத்தில் ‘தி ஃபிஷ்’ இருக்கிறது. ஏழு எண்ணிக்கைத் தாளத்தில், பேஸின் மேல் பேஸ் அடுக்கி, ரிதம், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடர்), மெலடி எல்லாவற்றையும் பேஸிலேயே கட்டியிருக்கிறார். (மீன் என்பது அவருடைய பட்டப்பெயர், குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டாராம்.)

சிறுவயதில் அவர் கிங்ஸ்பரி செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். என் காதுக்கு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்பவன் ஒரு மெட்டில் போகும்போது, அவனோடு மோதாமல் தன் மெட்டைத் தனியாகப் பாடிப் பழகிய குரல் அது. கிட்டாரும் ஆர்கனும் நெரிசலிடும் பாட்டில் தனக்கென்று ஒரு குரல் வேண்டும் என்று முதலில் கேட்டது அந்தக் காது. வயரிங்கும் கம்பியும் ஆம்பும் அந்தக் காது தேடிக்கொண்ட வழிகள்.

ஆகவே இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். கையில் இருக்கும் பேஸுக்குப் புது ரவுண்ட்வவுண்ட் கம்பி போடுங்கள். பிக் எடுங்கள். ஒரு நண்பரிடம் கிட்டார் ஆம்பை இரவல் வாங்கி, சிக்னலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று மாதம் அந்த ‘ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்’ அமைதிப் பகுதியை மட்டும் வாசியுங்கள். அதன் பிறகும் ரிக்கன்பேக்கர் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், எந்த மாடல் என்று பேசலாம்.