விஞ்ஞானிகள் சொன்னாலும் ஊர் ஜனங்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள்? சமூக உளவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. "வாட்ஸப்பில் வருவதை எல்லாம் நம்புகிற எங்கப்பா, எம்.டெக் படித்த நான் சொன்னால் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்." நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவீர்கள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் வாக்குவாதம் வந்து பாதித் தட்டில் எழுந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குத் தேவாரம் பக்கம், தேனி மாவட்டம். வாசலில் நின்றால் மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி. அம்மா முப்பது வருடம் விடியுமுன் ஜீப் ஏறிப் போய், கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்த கூலியில்தான் நான் இயற்பியல் படித்தேன். இன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். அதனால், கீழே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு "அறிவியலுக்கு எதிரி" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2015 ஜனவரியில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையில், நியூட்ரினோ என்கிற நுண்துகளை ஆராய ஒரு ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1500 கோடி ரூபாய்த் திட்டம். மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ உலகிலேயே முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கவயல், 1965இல். அதை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அப்படி ஒன்று எங்கள் ஊர் டவுன் பஸ் போகிற தூரத்தில் வரப்போகிறது!

ஊரோ பயந்து கிடந்தது. கதிர்வீச்சு வரும் என்றார்கள், பிள்ளை பிறக்காது என்றார்கள். நான் சொல்லிப் புரியவைக்கிறேன் என்று கிளம்பினேன். சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு ஊர்ச் சாவடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்பது பேர் கூடினார்கள். டார்ச் லைட்டைக் கண்ணாடி டம்ளர் வழியாக அடித்துக் காட்டினேன். "வெளிச்சம் கண்ணாடிக்குள்ள பூந்து போற மாதிரி நியூட்ரினோ நம்ம உடம்பு வழியா, மலை வழியா, பூமி வழியாவே போயிரும். இப்ப இந்த நொடியிலயும் லட்சம் கோடிக் கணக்குல போய்க்கிட்டுதான் இருக்கு. ஒண்ணும் செய்யாது" என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

மலைமாடு மேய்க்கிற பெரியப்பா ஒருவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு கடைசியில் நின்றிருந்தார். "தாயி, மலையக் குடைய வெடி வைப்பாகளா?"

"வைப்பாங்க பெரியப்பா, கட்டுப்படுத்தித்தான் வைப்பாங்க. நியூட்ரினோவால எந்த ஆபத்தும் இல்ல."

"அது கெடக்கட்டும். வெடி வச்சா ஊத்து என்னாகும்?"

நான் மறுபடி நியூட்ரினோவைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுபடி ஊற்றைக் கேட்டார். "அதெல்லாம் அறிக்கையில இருக்கு பெரியப்பா" என்றேன். "நான் கேக்குறது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். பின்னாலேயே பாதிக் கூட்டம் எழுந்து போனது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இந்த ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது" என்றேன். அந்தப் பேச்சை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதற்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிற ஆய்வு பிரையன் வின் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளருடையது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்து நடந்த சில நாளில், இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் கனமழையோடு கதிரியக்கச் சீசியம் இறங்கியது. ஜூன் மாதம் ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். ஆகவில்லை. தாழ்நிலக் களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். மலையில் இருப்பதோ செடிகொடி மக்கிச் சேர்ந்த, அமிலத்தன்மையுள்ள கரிமண். அது சீசியத்தைப் பிடித்துவைக்காமல் திரும்பத் திரும்பப் புல்லுக்கே கொடுத்தது. ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதனை செய்தார்கள். "மலையில் திரிகிற ஆட்டை அடைத்துப் போட்டால் இளைத்துப்போகும், உங்கள் சோதனையே தப்பாகும்" என்று ஆட்டுக்காரர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தச் சோதனைகளைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு அணு உலை வளாகம், 1957இல் அங்கே தீ விபத்து. அதையும் அந்த ஊர் மறந்திருக்கவில்லை. சில பண்ணைகளில் கடைசிக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது 2012இல். மூன்று வாரம் என்று சொன்னது 26 வருடம் ஆனது.

அந்த ஆட்டுக்காரர்களுக்கு அறிவியல் தெரியவில்லை என்று எழுதித் தள்ளிவிடலாம். வின் எழுதியது வேறு. தங்களுக்குத் தெரிந்ததை ஒருமுறைகூடக் கேட்காமல், எல்லாம் உறுதி என்பது போல விஞ்ஞானிகள் பேசிய விதத்தைப் பார்த்துத்தான் ஆட்டுக்காரர்கள் எடை போட்டார்கள் என்றார். இதைப் படித்த ராத்திரி எனக்குச் சாவடிதான் ஞாபகம் வந்தது. பெரியப்பா நியூட்ரினோவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே! அவர் கேட்டது தண்ணீரை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லாமல், தெரிந்த பாடத்தையே மூன்று தடவை ஒப்பித்தேன்.

அவர் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் ஒரு கல்குவாரி இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சில வருடம் முன்னால் அவர் மச்சினன் தோட்டத்துக்குப் பக்கத்தில் குவாரி வெடி வைத்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கியது, வீட்டுச் சுவரில் கீறல் விட்டது. வந்து பார்த்த அதிகாரிகள், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1993இல் எழுதிய கட்டுரையில், நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் சேரும், ஒரு சம்பவத்தில் போய்விடும் என்பதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். ஒரு ஆலை விபத்தில்லாமல் ஓடின நூறு நாள் யார் கண்ணிலும் படாது, மறைத்தது தெரிந்த ஒருநாள் போதும். குவாரிக்காரன் உடைத்ததை நியூட்ரினோக்காரர்கள் எப்படி ஒட்டவைப்பார்கள்?

ஆனால் "ஜனங்களுக்கு அறிவியல் மேல் நம்பிக்கையே இல்லை" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 68 நாடுகளில் ஏறக்குறைய 72,000 பேரிடம் கேட்ட ஒரு பெரிய ஆய்வு 2025இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. விஞ்ஞானிகள் மேல் நம்பிக்கைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்தால் உலகச் சராசரி 3.62. முதலிடம் எகிப்துக்கு, இரண்டாமிடம் இந்தியாவுக்கு, 4.26. இதை நம்பச் சிரமமாக இருந்தால் எங்கள் பெரியப்பாவை வந்து பாருங்கள். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான் இறங்கியதை என் செல்போனில்தான் பார்த்தார். இறங்கியது என்றதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுரங்கத்தை நம்பாத அதே மனிதர்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு கணக்கு. விஞ்ஞானிகள் திறமையானவர்கள் என்றவர்கள் 78 சதவீதம். நேர்மையானவர்கள் என்றவர்கள் 57. மக்கள் நலனில் அக்கறை உள்ளவர்கள் என்றவர்கள் 56. அடுத்தவர் கருத்துக்குக் காது கொடுப்பார்கள் என்றவர்கள் 42 சதவீதம்தான். உங்கள் அப்பாவுக்கு உங்கள் எம்.டெக் மேல் சந்தேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கே இடிக்கிறது என்பதை இந்த நாலு எண்ணில் தேடிப் பாருங்கள்.

சர்வேக்களை அப்படியே விழுங்கக் கூடாது என்பதும் உண்மை. அமெரிக்காவில் 1972லிருந்து கேட்கிற ஒரு பழைய கேள்வி இருக்கிறது. பெரும்பாலான ஆட்களை நம்பலாமா, ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமா என்று. நம்பலாம் என்றவர்கள் அப்போது 46 சதவீதம், 2018இல் 34. இதை அம்மாவிடம் கேட்டேன். "பெரும்பாலான ஆளுகள நம்பலாமாம்மா, இல்ல சூதானமா இருக்கணுமா?" முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "யார? எதுக்கு?" என்றாள். டெல்ஹே, நியூட்டன், வெல்சல் என்ற மூவர் 2011இல் 51 நாடுகளின் பதில்களைப் பிரித்துப் பார்த்து வந்து சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான். "பெரும்பாலானவர்கள்" என்றால் சில நாட்டில் முன்பின் தெரியாதவர்களும் சேர்த்தி, சில நாட்டில் சொந்தபந்தமும் பக்கத்து வீடும்தான்.

அம்மாவின் "யார?" எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர், முல்லைப் பெரியாறு அணைத் தகராறு. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நிபுணர் அறிக்கையைத் தூக்கிப் பிடித்தார்கள். அங்கே உடையும் என்றார்கள், இங்கே உடையாது என்றார்கள். தன் மாநிலத்து நிபுணரை மட்டும் நம்புவது என்று இரண்டு மாநிலமும் முடிவு கட்டிவிட்டன. குமுளியில் கல்வீச்சு, எல்லையில் பஸ் இல்லை. தோட்டத்தில் இருந்த நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்தே இறங்கினார்கள். அம்மாவையும் இன்னும் ஆறு பெண்களையும் தோட்டத்து முதலாளி வீட்டுச் சேச்சி இரண்டு ராத்திரி தன் சமையற்கட்டில் படுக்கவைத்து, மூன்றாம் நாள் விடியற்காலையில் காட்டுப்பாதை முனை வரைக்கும் கூடவே வந்து விட்டுப்போனார். பாக்கிக் கூலி மூன்று வாரம் கழித்து போடிக்கு வந்த ஒரு ஏலக்காய் வியாபாரி கையில் வந்தது. நோட்டுத் தாளில் ஏழு பேர், நாள் கணக்கு, தொகை. ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தத் தாளை அம்மா ரேசன் கார்டு உறைக்குள் இன்னும் வைத்திருக்கிறாள்.

ரேசன் கார்டு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைத்தால் தாண்டிப் போங்கள். மக்கள் அரசை நம்புகிறார்களா என்று இத்தனை பேர் அளக்கிறார்கள், அரசு மக்களை நம்புகிறதா என்பதை யார் அளக்கிறார்கள்? முப்பது வருடம் காய் எடுத்த அம்மாவின் பெருவிரல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கடை மெஷினில் வைத்தால் ரேகை விழாது. துடைத்துவிட்டு வை, எண்ணெய் தொட்டு வை, நாளைக்கு வா என்பார்கள். பின்னால் நிற்கிற ஊரே இது இன்னார் என்று சொல்லும், மெஷின் ஒத்துக்கொள்ளாது. அம்மா முந்தானையில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்த அன்று எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. தேவாரத்திலிருந்து மலைமேல் இருக்கிற சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு போடுகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறவர்களிடம் இப்படி ஒரு ரேகை யாராவது கேட்டதுண்டா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நியூட்ரினோத் திட்டம் என்னானது என்பது செய்தி பார்ப்பவர்களுக்குத் தெரியும். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018இல் திரும்ப அனுமதி வந்தது, 2022இல் தமிழக அரசு சம்மதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. வந்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறவள்தான் நான். எதிர்த்தவர்கள் சொன்ன கதிர்வீச்சுக் கதைகள் தப்பு என்பதையும் யார் முன்னாலும் சொல்வேன்.

சாவடிக் கூட்டம் நடந்து இரண்டு வருடம் கழித்துப் பெரியப்பாவைத் தேடிப் போனேன். அந்த ஊற்றைக் காட்டுங்கள் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் முன்னால் நடந்தார். ஒன்றரை மணி நேர ஏற்றம். இரண்டு பாறைக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் கசிவு, அதைச் சுற்றிப் பாசி, குடிக்க ஒரு கொட்டாங்குச்சி. சித்திரையிலும் வற்றாதாம். அவருடைய மாடுகள் முதலில் குடித்தன, பிறகு நாங்கள் குடித்தோம். சுரங்கம் எப்படிப் போகும் என்று கேட்டார். குச்சியால் மண்ணில் மலையை வரைந்து, அடிவாரத்திலிருந்து ஒரு கோடு உள்ளே இழுத்தேன். அவர் ரொம்ப நேரம் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கோட்டுக்கு மேலே ஒரு இடத்தில் வைத்தார். "இதான் ஊத்து. இதுக்கு அடியில உன் கோடு எம்புட்டுத் தூரத்துல போகுது தாயி?"

"தெரியல பெரியப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு அந்த மலையில் எந்தெந்த ஊற்று எந்த மாசம் வற்றும் என்று, பொழுது சாய்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.